எலுமிச்சை வாசத்தோடு வீடு திரும்பியவர்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அப்பாவின் சட்டைக் காலருக்குக் கீழே கொஞ்சம் ஈரமாகத் தெரியும். அது வியர்வை அல்ல. அச்சகத்தில் படத்தைக் கொடுத்தபோது அங்கிருந்தவர், "ஏனுங்கக்கா, அந்தக் கறைய கம்ப்யூட்டர்ல எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் தம்பியின் கல்யாணத்தன்று மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா பூசிக்கொண்ட சென்ட் அது. அது காய்வதற்குள் எடுத்த படம் இது. அப்பாவோடு பழகியவர்களுக்கு அந்த ஈரத்தின் வாசம் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களிடம் முடிவில் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். நினைவு மலர் கைக்கு வந்தால் நம் போட்டோ வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்வதுதான் நம் ஒறம்பரைச் சனத்தின் வழக்கம் என்று எனக்குத் தெரியும். இந்த ஒருமுறை மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அப்பா மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஒரு மேட்டாங்காட்டில் பிறந்தார். ஆண்மக்கள் மூவரில் நடுவில் பிறந்தவர். எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, காடு இருந்தது, காட்டில் கிணறும் இருந்தது, கிணற்றில் தண்ணீர்தான் இல்லை. ஆமணக்கும் நிலக்கடலையும் மழை பார்த்து விதைத்து, மழை பார்த்தே வாடிப்போகும் காடு அது. பெரியப்பா காட்டோடு நின்றுகொண்டார். சித்தப்பா படிக்கப் போனார். அப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே கிளம்பிய ஒரு ரிக் வண்டியில் ஹெல்பராக ஏறினார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் நம் பக்கத்திலிருந்து கிளம்பி நாடு முழுக்கச் சுற்றுவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்தக் காட்டில் தண்ணீர் பார்க்காதவர், மொழி தெரியாத ஊர்களில் அடுத்தவர் காட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தே எங்களை வளர்த்தார்.

அந்தச் சென்ட் பாட்டில் அவர் கைக்கு வந்ததும் ஒரு தண்ணீரால்தான். ராஜஸ்தானில் ஏதோ ஒரு வறண்ட ஊர். துளை இறங்க இறங்கப் புழுதிதான் வந்ததாம். வண்டியை எடுத்துவிடலாம் என்று ஆட்கள் பேசத் தொடங்கிய பிறகு தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. காட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் இருந்ததையெல்லாம் ஆட்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒருவருக்குப் போர்வை, ஒருவருக்குப் புதுச் செருப்பு. சேறு பூசிக்கொண்டு கடைசியில் நின்ற அப்பாவின் முறை வந்தபோது கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் உள்ளே போய்த் தன் கண்ணாடி முன்னால் இருந்த சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாராம். பச்சைக் கண்ணாடி, வரி வரியாக வெள்ளை மூடி, பாதி தீர்ந்த பாட்டில்.

"எல்லாருக்கும் வெச்சிருந்ததக் குடுத்தாரு. எனக்கு மட்டுந்தா அவரு போட்டுக்கிட்டிருந்ததையே குடுத்தாரு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

"நீங்க நின்ன நாத்தந் தாங்காமக் குடுத்திருப்பாருங்க" என்பார் அம்மா.

திறந்தவுடன் எலுமிச்சங்காயை நகத்தால் கீறியது போல் சுள்ளென்று ஏறும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புளிப்பு அடங்கி, மழை விட்ட பிறகு மரத்தடியில் வரும் ஈரப் பச்சை வாசம் ஒன்று தங்கும். பொழுது சாய்ந்த பிறகும் துண்டில் இருக்கும். அந்த அரைப் பாட்டில் தீர்ந்ததும் அப்பா வேறு சென்ட் தேடவில்லை. சேலம் கடைவீதியில் ஒரு பேன்ஸி ஸ்டோரில் அதே பாட்டிலைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு காலமெல்லாம் அதையே வாங்கினார்.

ரிக் வண்டியில் போனவர்கள் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். மழை பிடித்து வேலை நின்றால் வருவார்கள், இல்லாவிட்டால் ஊரில் பெரிய நோம்பி, திருவிழா என்றால் வருவார்கள். நான் பிறந்தபோது அப்பா ஊரில் இல்லை. தம்பி பிறந்தபோதும் இல்லை. எங்கள் இருவருக்கும் மொட்டையடித்துக் காது குத்தியதை அவர் போட்டோவில்தான் பார்த்தார். எங்களோடு அவர் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம்தான் வரும். சின்ன வயதில் இதற்காக அவர்மேல் எனக்குக் கோபமே உண்டு. ஆனால் ஒன்று. எத்தனை மாதம் கழித்து வந்தாலும் அவர் வேலைக் கோலத்தில் வீட்டுக்குள் வந்ததில்லை. சேலம் வருவதற்குள் வழியில் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கழுத்திலும் துண்டின் ஓரத்திலும் அந்தச் சென்டைத் தொட்டு வைத்துக்கொண்ட பிறகுதான் ஊருக்குப் பஸ் ஏறுவார். கல்லுத்தூசியும் டீசலும் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும்.

திரும்பிப் போகும் நாளில் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார். "போறதுக்கு எதுக்குச் சாமி வாசம்?" என்பார். அதனால் எங்கள் வீட்டில் அந்த எலுமிச்சை வாசத்துக்கு ஒரே பொருள்தான் இருந்தது. அப்பா வந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாட்டுக் கட்டுத்தறைப் பக்கம் திரும்பும்போதே தெரிந்துவிடும். அங்கிருந்து நானும் தம்பியும் நடந்து வந்ததே இல்லை, ஓட்டம்தான். அவர் போன பிறகு அம்மா அவருடைய தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருப்பார். என்றைக்கு அது தண்ணீருக்குள் போகிறதோ அன்றைக்கு அதில் வாசம் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அன்று அம்மாவிடம் எதற்கும் அடம் பிடிக்க மாட்டோம்.

ஹெல்பராகப் போனவர் டிரில்லர் ஆனார். பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்தமாக ஒரு வண்டியும் போட்டார். தண்ணீர் வராது என்று தெரிந்த இடத்தில் ஓட்டவே மாட்டார். "இங்க வராதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவார். கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். முன்கோபம் உண்டு. டீ ஆறியிருந்தால் வீட்டில் ஒருவரும் பேச முடியாது. ஆனால் அவரிடம் ஹெல்பராக வந்த ஜலகண்டாபுரம் செல்லமுத்து சித்தப்பா, நெசவுக் குடும்பத்தில் பிறந்து தறியை விட்டு வண்டி ஏறியவர், கடைசிவரைக்கும் அப்பாவை அண்ணன் என்றே கூப்பிட்டார். உடன்பிறந்தவராகவே நடந்தும் காட்டினார். அப்பாவின் குணத்துக்கு இதைவிட வேறு சாட்சி நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வகையறாவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளைக்கு அப்பாவின் தனிச் சீர் ஒன்று உண்டு. தாம்பூலத் தட்டில் பழத்துக்கும் வேட்டிக்கும் நடுவில் ஒரு பச்சைப் பாட்டில். "வெளிய போயிட்டு ஊட்டுக்குத் திரும்பறப்பப் போட்டுக்கங்க மாப்பிள்ளை, போறப்ப வேண்டாம்" என்று காதோடு சொல்லியும் அனுப்புவார். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைத் திறந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் சந்தேகம். சரிகை வேட்டியோடு சேர்த்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருப்பார்கள். இன்றைக்கு என் நம்பிக்கை முழுவதும் அந்தச் சந்தேகத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்பா வண்டியை விட்டுவிட்டு ஒரேயடியாக வீட்டோடு தங்க வந்தபோது, அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. எதிரில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து பார்க்கக் காத்திருந்த முகம் தினமும் எதிரில் இருக்கும் காலம் வந்தபோது அம்மாவுக்கு அது நிழலாகப் போனது. அம்மா இதைச் சொல்லி அழுததில்லை. அப்பா காட்டுக்குப் போய்விட்டு வந்தாலும், கடைக்குப் போய்விட்டு வந்தாலும், வெளியே தொட்டியில் கைகால் கழுவி, அந்தச் சென்டைத் தொட்டு வைத்துக்கொண்டு உள்ளே வரத் தொடங்கினார். அவர் படி ஏறும் முன்பே அம்மாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

"வந்துட்டீங்களா?"

"தெனமும் வந்துக்கிட்டே இருக்கறேன் அம்மிணி" என்பார் அப்பா.

அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் என்று நான் நினைப்பது இந்த ஆண்டுகளைத்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கம்பெனி அந்தச் சென்டை நிறுத்தியது. பேன்ஸி ஸ்டோர்க்காரர் இனிமேல் வராது என்று சொல்லிவிட்டார். அப்பா நம்பவில்லை. செல்லமுத்து சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, காலிப் பாட்டிலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தேடக் கிளம்பினார். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போன நாட்களில் அங்கே கடை கடையாக ஏறினார். மேட்டூரில் ஆலைக்காரர்கள் குடியிருக்கும் பக்கம் தேடினார். ஜலகண்டாபுரத்தில் துண்டுக் கடைகளுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய கடையில் தூசி படிந்த சில பாட்டில்கள் கிடைத்தன. துளையில் தண்ணீர் வந்தபோதுகூட அண்ணன் இவ்வளவு சிரித்துப் பார்த்ததில்லை என்று சித்தப்பா சொல்வார்.

"ஏனுங்கப்பா, ஊர்ல வேற எலுமிச்சை வாசமே இல்லீங்களா?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு இது பழகிருச்சு சாமி" என்றார். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். வயசான காலத்தில் மனுசனுக்கு ஒரு கிறுக்கு என்று.

அந்தப் பாட்டில்களும் தீர்ந்துகொண்டே வந்த சமயத்தில், கம்பெனி அதை மறுபடியும் கொண்டுவருகிறது என்று செய்தி வந்தது. அதே பெயர், அதே பச்சைப் பாட்டில், மூடிகூட அதே வரி. பேன்ஸி ஸ்டோர்க்காரர் போன் செய்து சொன்னதும் அப்பா அன்றைக்கே சேலம் போனார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு அப்போது விடுமுறை, அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பொழுதோடு அப்பா திரும்பி வந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டியில் கைகால் கழுவினார். புதுப் பாட்டிலைத் திறந்து, இத்தனை காலம் சிக்கனமாக இருந்த கோபத்தையெல்லாம் தீர்த்துக்கொள்வது போல் தாராளமாகப் பூசிக்கொண்டார். சிரித்துக்கொண்டே வந்து அம்மாவின் கட்டிலுக்கு முன்னால் நின்றார்.

அம்மா மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"ஆருங்க அது? அவரு ஊட்டுல இல்லீங்களே. சேலம் போயிருக்கறாரு. இப்ப வந்துருவாருங்க, உக்காருங்க."

அம்மா நாற்காலி இருக்கும் பக்கம் கையைக் காட்டி, உள்ளே பார்த்து, "கண்ணு, ஆரோ வந்திருக்கறாங்க, தண்ணி கொண்டா" என்று எனக்குக் குரல் கொடுத்தார். நான் சொம்போடு கதவருகில் நின்றுவிட்டேன்.

"நாந்தா அம்மிணி" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டார். "அட, நீங்களா! பாத்தரந் தேய்க்கற சோப்பாட்ட வாசம் வருது, ஆரோன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிப் போனது. அப்பா தொட்டிக்குப் போய், சட்டையோடு குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். நடந்தது என்ன என்று ஓரளவு எனக்குப் புரியும். பழைய சென்டின் அடியில் தங்கிய அந்த ஈரப் பச்சை வாசம் மரத்தில் படரும் ஒரு பாசியிலிருந்து எடுப்பது. அது சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கட்டுப்பாடு வந்த பிறகு அந்தப் பாசியைக் குறைத்துவிட்டு வேறு எதையோ சேர்த்து ஒப்பேற்றுகிறார்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் நல்ல பெண்தான். "இன்றைய ரசனைக்கு ஏற்றபடி மேம்படுத்தியிருக்கிறோம் மேடம்" என்றாள். என் அம்மாவுக்குச் சொந்தப் புருஷனை அடையாளம் தெரியாமல் செய்ததற்குப் பெயர் மேம்பாடு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்.

அதன் பிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு பழைய பாட்டில். அதைச் சாமி அலமாரிக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், துணி சுற்றி வைத்தார். விரல் நுனியில் தொட்டு, காலருக்குள் ஒரு பொட்டு. அவ்வளவுதான். அம்மாவுக்கு இது பொறுக்காது. "மனசாரப் போட்டுக்கங்களேன், எதுக்குச் சேத்து வெக்கறீங்க? ஆருக்கு?" என்று கேட்பார். "இருக்கட்டும்" என்பார் அப்பா. கொஞ்ச காலத்தில் அந்தப் பொட்டும் நின்றுபோனது. காலமெல்லாம் சுவாசித்த கல்லுத்தூசி அவருடைய நுரையீரலில் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. சென்ட், ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே போய்விட்டு வந்தால் கேட்டில் நின்றே, "அம்மிணி, நாந்தா" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். பிறகு குரலும் இளைத்தது. கடைசி மாதங்களில் அவருடைய இருமல்தான் அம்மாவுக்கு அடையாளம்.

நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. அப்பாவின் கை அம்மாவின் மடியிலேயே இருந்தது. ஒரு காலைப் பொழுதில் அந்தக் கையில் ஏதோ மாறியதை எங்களுக்கெல்லாம் முன்னால் அம்மாதான் தெரிந்துகொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, சீர் முறையெல்லாம் முடிந்து, குளிப்பாட்டிக் கோடி போர்த்தியிருந்தோம். நம் பக்கத்து வழக்கப்படி வருகிறவர்கள் பன்னீரும் சென்டும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் கேட்காமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், துணி சுற்றிய அந்தப் பாட்டிலோடு வந்தார். தம்பியின் கையில் கொடுத்தார்.

"ஊத்து சாமி. தெளிக்காத, ஊத்து. ஆசையாச் சேத்து வெச்சிருந்தாரு. ஒரு நாளும் மனசாரப் போட்டுக்கல. இன்னைக்காவது போட்டுக்கட்டும்."

தம்பி தயங்கினான். அம்மா அவன் கையைப் பிடித்துக் கவிழ்த்தார். கழுத்தில், மார்பில், துண்டின் ஓரத்தில், கடைசிச் சொட்டுவரை. எலுமிச்சங்காயைக் கீறியது போல் வாசம் எழுந்து வாசல் முழுக்க நிறைந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். கோடி போர்த்திய உடலின் முன்னால் நின்றுகொண்டு, அப்பா வந்துவிட்டார் என்று ஒரு நொடி நானும் நினைத்தேன். போகும்போது போட்டுக்கொள்ளாத மனிதரை அந்த வாசத்தோடு அனுப்பி வைத்தோம். பிணத்துக்குப் புழங்கிய எதையும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்பதால் காலிப் பாட்டிலும் மயானத்திலேயே நின்றுவிட்டது.

அம்மா பாட்டிலைக் கவிழ்த்தபோது மயான வேலையாகப் போயிருந்த செல்லமுத்து சித்தப்பா, கருமாதி அன்று அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதலுக்காகத்தான் பேசினார்.

"அண்ணிங்க, அந்தப் பாட்டல வெயில் படாமப் பத்தரமா வெச்சுக்கங்க. உங்களுக்குன்னுதா அண்ணன் சேத்து வெச்சாரு. 'எனக்கப்புறம் அவ இருப்பா செல்லமுத்து, கண்ணுந் தெரியாது. எப்பவாச்சு மூடியத் தொறந்து பாத்தா நா வந்தாப்புல இருக்குமில்ல'ன்னு எங்கிட்டச் சொன்னாருங்க."

அம்மா சாமி அலமாரி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். சித்தப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"ஊத்தியாச்சு சாமி" என்றார் அம்மா. "பூராத்தையும் ஊத்தியாச்சு."

தம்பி இதைக் கேட்டுக்கொண்டு நின்றவன், காரியத்துக்கு வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனான். குப்பையைக் கூட்டி எரித்துவிட்டிருந்தார்கள். பாட்டில் சூட்டில் வெடித்துத் தூள்தூளாகியிருந்தது. சாம்பலைக் கிளறி அவனால் கண்டெடுக்க முடிந்தது ஒரு மூடி மட்டும்தான். வரி போட்ட வெள்ளை மூடி, ஓரம் உருகியிருந்தது. அதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான். நான் அம்மாவைக் கைபிடித்து வெளியே கூட்டிப்போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. மாமன்மார்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா நடுரோட்டில் நின்று அந்த மூடியை இரண்டு கையாலும் மூக்கருகே பிடித்துக்கொண்டார்.

"பொகை வாசந்தா வருது" என்று சொல்லி அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்கப்பாரு இதுல இல்ல. போட்டுட்டு வா சாமி, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு உள்ள வா."

இந்த ஓராண்டில் நாங்கள் தேடாத இடம் இல்லை. தலையணை, பெட்டி, துண்டு எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தாயிற்று. அவர் அந்தச் சென்டை விட்டு நாளாகியிருந்ததால் எதிலும் தங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆன்லைனில் பழைய சரக்கு என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆசையோடு வரவழைத்தார். பாட்டில்தான் பழைய மாதிரி, உள்ளே இருந்தது அந்த மேம்பாடு. அம்மா முகர்ந்துவிட்டு, "நல்லாருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அவர் கிளம்பிப் போன பிறகு என் கையில் திணித்து, "இத எடுத்துட்டுப் போயிரு கண்ணு. ஆரோ வேத்து ஆம்பள ஊட்டுக்குள்ள இருக்கறாப்புல இருக்குது" என்றார்.

ஆண்டுப் படையலுக்கு அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கப் போகிறோம். வெல்லம் போட்ட கச்சாயம், நிலக்கடலை, நல்ல சூட்டோடு டீ. சென்ட் மட்டும் இருக்காது. புதியதை வைக்கலாமா என்று தம்பி கேட்டதற்கு அம்மா கூடாது என்று சொல்லிவிட்டார். "வேற ஊடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவாரு" என்றார்.

அப்பாவைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப் போலப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் எங்கள் நன்றி. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த பெரியம்மாவுக்கும், எங்கள் மாடுகளைத் தங்கள் மாடுகளாகப் பார்த்துக்கொண்ட அடுத்த காட்டுக்காரர்களுக்கும், கேரளாவிலும் கர்நாடகாவிலும் வேலையை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த ரிக் வண்டித் தோழர்களுக்கும், அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் கூசுகிற செல்லமுத்து சித்தப்பாவுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம். சித்தப்பா, நீங்கள் சொன்னது நல்லதுதான். சொல்லாமல் இருந்திருந்தால் அப்பாவின் அந்த ஆசை அம்மாவுக்குத் தெரியாமலே போயிருக்கும். அடிக்கடி வந்து போங்கள்.

இனி அந்த வேண்டுகோள். நம் வகையறாவில் அப்பாவின் கையால் சீர்த் தட்டு வாங்கிய மாப்பிள்ளைகள் எல்லோரும், தயவுசெய்து உங்கள் பீரோவின் மேல்தட்டைப் பாருங்கள். பழைய பச்சைப் பாட்டில் இருந்தால், அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கோ தம்பிக்கோ ஒரு சொல் அனுப்புங்கள். இப்படிக் கேட்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அம்மா என்னைத் திட்டினார். "குடுத்த சீரத் திருப்பிக் கேக்கற வம்சமா நாம? உங்கப்பாரு மானத்த வாங்காத" என்றார். கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்பது நம் பக்கம் எவ்வளவு கேவலம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அச்சில் கேட்கிறேன். பாட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒருமுறை மூடியைத் திறந்து காட்டினால் போதும். அம்மாவால் இதைப் படிக்க முடியாது, நானும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டப் போவதில்லை. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

பாட்டில் இல்லாதவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அம்மாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். ஆனால் பேசாமல் உள்ளே வந்து நிற்காதீர்கள். கேட்டுக்கு வெளியிலேயே உங்கள் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துவிடுங்கள். வாசலில் ஆள் நிழல் விழுந்தால் அம்மா இப்போதெல்லாம் உடனே "ஆருங்க?" என்று கேட்பதில்லை. முதலில் முகத்தைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் கேட்கிறார்.